துக்கம் கேட்கப் போனோம்

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் பொம்மையார்பாளையத்துக்குப் போயிருந்தோம். போக வேண்டிய நாள் அதற்கு எட்டு மாதம் முந்தியது. அந்த எட்டு மாதத் தாமதத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. கூடவே சில இங்கிலீஷ் வார்த்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், அந்தத் தாமதத்துக்கு அவை உடந்தையாக இருந்திருக்கின்றன.

புதுச்சேரியிலிருந்து வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் போனால் பொம்மையார்பாளையம் வரும். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மீனவர் கிராமம். மயிலம் முருகன் கோயிலை நிர்வகித்துவரும் பொம்மபுர ஆதீனத்துக்கு இந்த ஊரில் ஒரு மடம் உண்டு. அதே சாலையில் இன்னும் வடக்கே போய்க்கொண்டிருந்தால் மரக்காணம். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திகள்.

நம்முடைய பால்ய சிநேகிதர் ஒருவர் இந்த ஊர்க்காரர். பள்ளிக்கூடத்தில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கட்டுமரம் ஏறினார். நாம் மேலே படித்து உத்தியோகம் தேடிக்கொண்டோம். ஆனாலும் சிநேகம் அறுந்து போகவில்லை. நமது வீட்டில் மீன் சாப்பிடுகிறவர்கள் கிடையாது. ஆகவே, வெறுங்கையோடு வர மனமில்லாத அந்த மனிதர், வருஷந்தோறும் பங்குனி பிறந்ததும், மரக்காணத்தில் புது உப்பு வாரிய கையோடு ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கிக்கொண்டு வந்து இறக்குவார். “மாங்காய் ஊறுகாய்க்கு இதுதான் சரி; கடையிலே விக்கிற பொடி உப்பைப் போட்டு மாங்காயைக் கெடுக்காதீங்க” என்று நமது இல்லத்தரசிக்கு உபதேசமும் செய்துவிட்டுப் போவார். இப்படி முப்பது வருஷங்களுக்கு மேல் அவருடைய உப்பைத் தின்றிருக்கிறோம்.

சென்ற ஆவணியில் அவர் காலமானார். செய்தி வந்தபோது நாம் ஒரு கல்யாண வரவேற்பில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய மகன் கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தான். ஒரு கணம் இலையும் பந்தியும் கண்ணுக்குத் தெரியாமற் போனது உண்மை. மறு கணம் கட்டைவிரலால் பதில் எழுதினோம்: “டீப்பஸ்ட் கண்டோலென்ஸஸ்.” எழுதி முடித்ததும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி அது. பிறகு பாயசம் வந்தது.

மறு நாள் போகலாம் என்று நினைத்தோம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகலாம் என்று நினைத்தோம். பிறகு மழைக்காலம் வந்தது, அலுவல்கள் வந்தன. ‘அநுதாபந்தான் தெரிவித்துவிட்டோமே’ என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் வந்து நமது காலைக் கட்டிப் போட்டது. கடைசியில் பங்குனி மாதம் ஒரு நாள், ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே இல்லத்தரசி, “இந்த வருஷம் உப்பு வரவில்லையே!” என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நமது வீட்டில் உப்புத் தீர்ந்த பிறகு அல்லவா உப்பிட்டவரின் நினைப்பு வந்தது!

அந்தச் சமயம் நமது மருமான் வந்திருந்தான். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை. தமிழ் பேசுவான், ஆனால் முதலில் இங்கிலீஷில் நினைத்து, பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழாக்கிப் பேசுவான். அவனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

*

சிநேகிதரின் மனைவி திண்ணையில் உட்கார்ந்து வலையிலிருந்து எதையோ பிரித்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்தார். நமக்கு வாய் வரவில்லை. அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் நமது மருமான் முன்னால் போய், கைகூப்பி, மெய்யான வருத்தத்தோடு, “மன்னித்துக்கொள்ளுங்கள், பாட்டி” என்றான்.

அந்த அம்மாள் திகைத்துப் போனார். “நீ என்ன பண்ணினே கண்ணு, மன்னிக்கிறதுக்கு?” என்று கேட்டார்.

பிள்ளைக்குப் புரியவில்லை. அவன் பேசும் பாஷையில், தவறு செய்தவனும் ‘ஸாரி’ என்பான். துக்க வீட்டுக்கு வந்தவனும் ‘ஸாரி’ என்பான். தமிழில் அந்த ஒரு வார்த்தை இரண்டாகப் பிரிந்துபோகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் தவறான கதவைத் தட்டிவிட்டான். ஆனால் அந்தக் கேள்வி அவனோடு நிற்கவில்லை. அவனைத் தாண்டி நம்மிடம் வந்து நின்றது. அன்று அந்தத் திண்ணையில் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் ஒருவர் இருக்கத்தான் இருந்தார். அவர் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்!

நிற்க. ‘ஸாரி’ என்னும் வார்த்தையை இன்று நாம் பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்தால் சொல்கிறோம், தும்மினால்கூடச் சொல்கிறோம். காசுக்குப் பத்தாகப் போய்விட்ட இந்தச் சொல் அதன் பிறந்த வீட்டில் அப்படி இருந்ததில்லை. பழைய இங்கிலீஷில் ‘ஸார்’ என்றால் புண், நோவு. அதிலிருந்து வந்ததுதான் ‘ஸாரி’. ‘எனக்குப் புண்ணாக வலிக்கிறது’ என்பதே அதன் முதற் பொருள். துயரத்தைக் குறிக்கும் ‘ஸாரோ’ என்ற சொல் பார்வைக்கு இதனுடன் பிறந்தது போல் இருந்தாலும், அது வேறு வேரிலிருந்து வந்தது. பழகிப் பழகி இரண்டும் ஒன்றுக்கொன்று உறவாகிவிட்டன.

மற்ற வார்த்தைகளும் இப்படித்தான். ‘கிரீஃப்’ என்ற சொல்லுக்குப் பாட்டி லத்தீனில் இருக்கிறாள். அவள் பெயருக்குக் ‘கனமானது’ என்று பொருள். நாம் ‘மனம் பாரமாக இருக்கிறது’ என்கிறோமே, அதே அநுபவந்தான். செய்த பிழையை எண்ணி உள்ளுக்குள் நோவதை ‘ரிமோர்ஸ்’ என்பார்கள். ‘மறுபடியும் கடிப்பது’ என்று அதற்கு அர்த்தம். ஒரு தடவை கடித்த நாய் விட்டுவிடும், மனசாட்சி விடுவதில்லை. ‘லாங்கிங்’ என்னும் ஏக்கம், நீளத்தைக் குறிக்கும் ‘லாங்’ என்ற சொல்லோடு உறவுடையது; காத்திருப்பவருக்குப் பொழுது நீண்டுகொண்டே போகும் அல்லவா? நாம் கல்யாணப் பந்தியில் கட்டைவிரலால் எழுதிய ‘கண்டோலென்ஸ்’ இருக்கிறதே, அதற்குக் ‘கூட இருந்து நோவது’ என்று பொருள். கூட இருந்து! எழுதின கை அந்த வேர்ப்பொருளை அறிந்திருந்தால் சற்றுத் தயங்கியிருக்கும்.

ஆகவே, இங்கிலீஷ் பாஷையைக் குறை கூறுவது நமது நோக்கமல்ல. அந்த வார்த்தைகளுக்குள் ரத்தமும் சதையும் இருந்தன. அவற்றைப் பெற்ற ஜனங்களும் நம்மைப் போலவே அழுதார்கள். நாம் கடன் வாங்கும்போது வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டோம். வலியை அங்கேயே விட்டுவிட்டோம். இந்தக் கடற்கரையிலிருந்து அவர்களும் ஒரு வார்த்தை வாங்கிப் போனார்கள். நமது கட்டுமரம் 17-ஆம் நூற்றாண்டிலேயே ‘காட்டமரன்’ என்ற பெயரில் இங்கிலீஷில் ஏறிவிட்டது. இன்று அந்தப் பெயரில் அங்கே ஓடுவது இரட்டை அடித்தளமுள்ள உல்லாசப் படகு. கட்டிய மரம் ஒன்றும் அதில் இல்லை. வார்த்தை கடல் கடந்தால் பொருள் கரையில் நின்றுவிடுவது உலக வழக்கம் போலும்.

*

அந்த அம்மாள் நமக்குப் பாய் விரித்தார். மோர் கொண்டுவந்து கொடுத்தார். நாம் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தத்தளித்துக்கொண்டிருக்கையில் அவரே சொன்னார்:

“அண்ணன் என்னமோ எழுதியிருக்காரேன்னு பையனைக் கேட்டேன். இங்கிலீஷ்லே, வருத்தம்னு எழுதியிருக்கார்ம்மான்னான். வருத்தம்னா வந்திருப்பாரே, உடம்புக்குத்தான் ஏதோ முடியலை போலன்னு நெனைச்சுக்கிட்டேன். இப்ப தேவலையா அண்ணே?”

நாம் எத்தனையோ பேர் வாயால் எத்தனையோ கடுமையான வசவுகளைக் கேட்டிருக்கிறோம். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அவர் குத்திக் காட்டவில்லை. மெய்யாகவே நமது தேக சௌக்கியத்தை விசாரித்தார். எட்டு மாதமாக நமக்கு ஒரு வியாதி கற்பித்து, நம்மைக் காப்பாற்றி வைத்திருந்தார்!

‘வருத்தம்னா வந்திருப்பாரே’ என்ற அந்த வாக்கியத்தைப் பற்றி அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறோம். நமது ஜனங்கள் துக்கத்தைச் ‘சொல்வது’ என்று சொல்வதில்லை. துக்கம் கேட்கப் போகிறேன், துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்றுதான் சொல்வார்கள். இங்கிலீஷ்காரர் தமது வருத்தத்தைத் தெரிவிக்கிறார். தமிழர் பிறருடைய துக்கத்தைக் கேட்கிறார். தெரிவிப்பதற்குத் தபால் போதும், தந்தி போதும், கைப்பேசி போதும். கேட்பதற்கோ எதிரே போய் உட்கார வேண்டும். “எப்படி ஆச்சு?” என்று ஒருவர் கேட்க, அந்த வீட்டார் ஆயிரத்தோராவது தடவையாக முதலிலிருந்து சொல்ல, சொல்லச் சொல்ல அவர்களுடைய சூடு கொஞ்சம் கொஞ்சமாய்த் தணியும். பால் ஆறும்; புண் ஆறும்; மனமும் ஆறும். மூன்றுக்கும் நமது முன்னோர் ஒரே வினையை வைத்தார்கள். அந்த வினையிலிருந்துதான் ‘ஆறுதல்’ பிறந்தது.

தந்தி என்றதும் நினைவு வருகிறது. இங்கிலீஷ் முதன்முதலில் நமது சிற்றூர் வீடுகளுக்குள் நுழைந்தது புத்தகமாக அல்ல; தந்தியாகத்தான். இந்த நாட்டில் 1855-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, 2013 ஜூலையில் மூடப்பட்ட தந்தியில், வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. அதனால் துக்கமும் சிக்கனமாகவே வந்தது. “ஃபாதர் ஸீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி” என்ற நாலு வார்த்தைகளைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இருந்திருக்குமா? ‘ஸீரியஸ்’ என்றால் அபாயம் என்று அர்த்தமல்ல, முடிந்துவிட்டது என்று அர்த்தம் என்பது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கும் தெரியும். தந்திச் சேவகன் தெருமுனையில் திரும்பும்போதே, வாத்தியாரைத் தேடிப் படிக்கச் சொல்வதற்கு முன்பே, பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் ஒன்று: அந்தத் தந்தி ‘புறப்படு’ என்று சொல்லிற்று. கேட்டவர்களும் புறப்பட்டார்கள். இன்று வரும் செய்திக்கோ ‘ஆர்.ஐ.பி.’ என்று மூன்று எழுத்து எழுதிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறோம். வார்த்தைக்குக் காசு இல்லாத காலத்தில் தந்தியை விடச் சிக்கனமாகிவிட்டோம்.

தமிழில் எழுதிவிட்டால் மட்டும் குற்றம் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. ‘ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று சுவரொட்டிகளில் அச்சிடுகிறார்களே, அது வேட்டி கட்டிக்கொண்டு வந்த இங்கிலீஷ். ஆனால் ‘இரங்கல்’ என்ற வார்த்தை அப்படிப்பட்டதல்ல. அது இந்தக் கடற்கரைக்கே உரிய சொத்து. தொல்காப்பியர் காலந்தொட்டு நமது புலவர்கள் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்ச்சியை உரிமையாக்கினார்கள். மலைக்குக் கூடல், காட்டுக்குக் காத்திருத்தல், வயலுக்கு ஊடல், பாலைக்குப் பிரிவு. கடலும் உப்பங்கழியுமாகிய நெய்தலுக்கு இரங்கல். இரங்குதல் என்பதற்கு ஒலித்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. முரசு இரங்கும், கடலும் இரங்கும். அன்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்து அலையோசையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் எப்படி அடங்கின என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரங்கலை வாய்விட்டுச் சொல்லும் கலையும் நமது பெண்களிடம் இருந்தது. ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, மாண்டவரைச் சூரியனுக்கும் தேருக்கும் ஒப்பிட்டு அழுகிற ஒப்பாரிக்கு இங்கிலீஷில் சொந்த வார்த்தை கிடைக்கவில்லை போலும். ஐரிஷ் ஜனங்களின் ஒப்பாரியைக் கண்டு ‘கீனிங்’ என்ற சொல்லை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஐரிஷ்காரர்களும் நம்மைப் போலவே இங்கிலீஷ்காரரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தவர்கள் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆண்டவர்கள் அழுகைக்கு வார்த்தை வேண்டி ஆளப்பட்டவர்களிடம் போனார்கள் என்பது வேடிக்கைதான். நாமோ, வீட்டு மூலையில் இருந்த ஒப்பாரியை நாகரிகக் குறைவென்று ஒதுக்கிவிட்டு, அவர்களிடம் போய் ‘கண்டோலென்ஸ்’ வாங்கி வந்தோம்.

*

வெயில் தாழ்ந்ததும் அந்த அம்மாள் எங்களைக் கரைக்கு அழைத்துப் போனார். மணல் அதிகமில்லை. கருங்கற்களைக் கொட்டியிருந்தார்கள். கற்களுக்கு அப்பால், நுரை புரளுகிற ஓர் இடத்தைக் கைகாட்டி, “அங்கேதான் எங்க பழைய வீட்டு வாசல்” என்றார்.

நமக்கு அந்த வாசல் தெரியும். பள்ளிக்கூட விடுமுறையில் அதில் உட்கார்ந்து பனம்பழம் தின்றிருக்கிறோம். அதற்கும் கடலுக்கும் இடையே அப்போது கட்டுமரங்களை வரிசையாக இழுத்துப் போடும் அளவுக்கு மணல் இருந்தது. இந்தக் கரையில் ஆண்டில் பெரும் பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். புதுச்சேரியில் துறைமுகத்துக்காக 1980-களில் கடலுக்குள் கல் அணைகளை நீட்டினார்கள். நகர்ந்து வந்த மணல் அவற்றுக்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கேயுள்ள கரைகளுக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் மட்டும் வந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. இவை வந்து போனவை. மணலரிப்போ வந்து போவதில்லை, வந்து தங்கிவிட்டது. தூண்டில் வளைவு கட்டித்தாருங்கள் என்று இந்தப் பகுதி மீனவர்கள் பல வருஷமாகக் கேட்டுவருகிறார்கள்.

இப்படி விண்ணப்பம் போட்டவர்களுக்கு வரும் பதிலில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை தவறாமல் இருக்கும். ‘ரிக்ரெட்’ என்பது அது. உத்தியோகம் கேட்டவனுக்கும், கடன் கேட்டவனுக்கும், கதை அனுப்பிய எழுத்தாளனுக்கும் அதே வார்த்தைதான். பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு, இறந்தவர்களை எண்ணிப் புலம்புவது என்று பொருள். புலம்பின சொல் இன்று ரப்பர் முத்திரையாகிவிட்டது. யாரும் அதை எழுதும்போது அழுவதில்லை.

நமது இலக்கண நூலாரோ அழுகைக்கு நான்கு காரணம் சொல்லி வைத்தார்கள். பிறர் இகழ்வதால் வருவது ஒன்று. இழப்பால் வருவது ஒன்று. வறுமையால் வருவது ஒன்று. மற்றொன்றுக்கு ‘அசைவு’ என்று பெயர். முன்பு இருந்த நல்ல நிலை கெட்டு வேறு நிலையை அடைந்து வருந்துவது என்று அதற்கு உரையாசிரியர் பொருள் கூறினார். சிநேகிதரை இழந்தது இழவு. அவருடைய வாசலையும் கடலுக்குள் கைகாட்ட நேர்ந்தது அசைவு. அந்த அம்மாளுக்கு இரண்டும் இருந்தன. இலக்கணம் படிக்காமலே அவர் இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தார். கணவரைப் பற்றிப் பேசும்போது அழுதார்; வாசலைக் காட்டும்போது அழவில்லை, சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

சொந்த இடத்துக்காக வருகிற இந்த ஏக்கத்துக்கு மேனாட்டில் ஒரு வைத்திய மாணவன் பெயர் வைத்தான். 1688-ஆம் ஆண்டு, ஸ்விட்ஸர்லாந்தில் பாஸெல் சர்வகலாசாலையில், யோஹான்னஸ் ஹோஃபர் என்பவன் எழுதிய ஆராய்ச்சியில், வீடு திரும்புதல், நோவு என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘நாஸ்டால்ஜியா’ என்று ஒரு வியாதிக்குப் பெயரிட்டான். நமது மருமானுடைய வயதுதான் அப்போது அவனுக்கு. பெர்ன் நகரிலிருந்து படிக்க வந்த ஒருவன் காய்ச்சலில் பிழைக்கமாட்டான் என்று இருந்தபோது, ஊருக்கு அனுப்பி வைத்ததும் தேறிவிட்டான் என்று அதில் எழுதியிருக்கிறான். நமது பாட்டிமார்கள் இதற்கு ஆராய்ச்சி எழுதவில்லை. “குழந்தை ஏங்கிப் போச்சு, அவங்க அம்மாகிட்டே கொண்டுபோய் விடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். வைத்தியம் ஒன்றுதான். பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தார். இந்தப் பொம்மையார்பாளையம் அப்போது பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தது. ஒரு காலை நேரம் நடந்தால் வந்துவிடலாம், வந்தால் சிறை. கடைசியில் தாங்கமாட்டாமல் 1918 நவம்பரில் எல்லை தாண்டினார். கடலூர் அருகே கைதானார். அவர் இங்கிலீஷ் நன்றாக அறிந்தவர். அந்த வியாதியின் இங்கிலீஷ்ப் பெயர் தெரிந்திருக்கலாம். பெயர் தெரிந்ததால் நோய் தீரவில்லை. எல்லையைத் தாண்டினால்தான் தீரும் என்றிருந்தது.

*

திரும்பி வீட்டுக்கு வந்தபோது நாலு வயதுப் பேத்தி ஒருத்தி, திண்ணையில் வலைக் குவியலின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். “தாத்தாவைத் தேடுது. சாயங்காலம் ஆனா இங்கேதான் வந்து உக்காந்துக்கும்” என்றார் அந்த அம்மாள்.

“தேடுகிறாளா? சும்மா உட்கார்ந்துதானே இருக்கிறாள்?” என்று மருமான் நம்மிடம் மெதுவாகக் கேட்டான்.

‘மிஸ் பண்ணுகிறாள் என்று அர்த்தம்’ என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை. பஸ்ஸையும் மிஸ் பண்ணுகிறோம். பரீட்சையில் ஒரு கேள்வியையும் மிஸ் பண்ணுகிறோம். பெற்ற தாயையும் மிஸ் பண்ணுகிறோம். குறி தவறுவது என்பது அந்தச் சொல்லின் பழம் பொருள். கை நீட்டிய இடத்தில் ஆள் இல்லை என்கிற வரையில் அது சரியான வார்த்தைதான். பக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த முதியவர்களைக் கேட்டால், அந்தப் பாஷையில் ‘நீ எனக்குக் குறைகிறாய்’ என்று சொல்வார்கள் என்பார்கள். அதுவும் அழகுதான். தமிழ்த் தாய்மார்கள் குழந்தை தேடுகிறது என்கிறார்கள். குறி தவறியதோடும் குறைந்ததோடும் அது முடிந்துவிடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணும் நெஞ்சும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன.

இதை எவ்வாறு சொல்வது என்று தெரியாமல், “அவள் மனசு தாத்தாவைத் தேடிப் போயிருக்கிறது” என்றோம். மருமான் ஒன்றும் பேசவில்லை. போய் அந்தக் குழந்தையின் பக்கத்தில் வலைமேல் உட்கார்ந்துகொண்டான். சற்று நேரத்துக்கெல்லாம் அவன் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தோம். அவன் அநியாயமாக மன்னிப்புக் கேட்டவன். ஆனால் அவனுக்கு மெய்யாகவே எங்கோ வலித்திருக்கிறது. பழைய அர்த்தத்தில் அவன் ‘ஸாரி’யாக இருந்தான். வார்த்தை பிசகினாலும் ஆள் வந்திருந்தான் அல்லவா? நாமோ வார்த்தையைப் பிசகில்லாமல் அனுப்பிவிட்டு ஆளை நிறுத்திக்கொண்டவர்கள்.

அப்போதுதான் நமக்கு வாய் வந்தது. “அம்மா, எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வந்திருக்கலாம்; வரவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்றோம். கண் கெட்ட பிறகு செய்த சூரிய நமஸ்காரந்தான். சிந்திய பாலுக்கு அழுது பயனில்லை என்று இங்கிலீஷ்காரர் சொல்வார்கள். பயனை நினைத்து யார் அழுகிறார்கள்?

அந்த அம்மாள் அதற்குப் பதில் சொல்லவில்லை. “எப்படி ஆச்சு என்று சொல்லுங்கள்” என்று கேட்டோம். முதலிலிருந்து சொன்னார். முதல் நாள் ராத்திரி என்ன சாப்பிட்டார், விடியற்காலையில் எப்படி எழுந்தார், என்ன சொல்லிவிட்டுப் படுத்தார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். சொல்லி முடிக்கும்போது விளக்கு வைத்தாயிற்று. முடித்துவிட்டு, “பங்குனியிலே உப்பு கொடுத்தனுப்ப முடியலை. அண்ணி குறைப்பட்டாங்களா?” என்று கேட்டார்.

இதற்கு எந்தப் பாஷையிலும் நம்மிடம் பதில் இல்லை.

புறப்பட எழுந்தோம். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போய் வருகிறேன்’ என்று சொல்லக் கூடாது என்பது நமது சம்பிரதாயம். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆகையால் நாமும் பேசாமல் படியிறங்கினோம். அந்த அம்மாள் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“எட்டு மாசம் ஆச்சு அண்ணே. இனிமே சொல்லலாம். வரேன்னு சொல்லிட்டுப் போங்க.”

மருமான் நமக்கு முந்திக்கொண்டு, “வருகிறோம், பாட்டி” என்றான். இந்தத் தடவை வார்த்தை சரியாக இருந்தது.

வருகிற ஆவணியில் சிநேகிதருக்கு முதல் வருஷத் திதி. செய்தி ஒன்றும் அனுப்புவதாக இல்லை. போவதாக இருக்கிறோம்.